இக்காலுயிட்டிலிருந்து நூக் வரை: விமானத் தொலைவு எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு?

வெண்பனி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகரான இக்காலுயிட்டில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்களுக்குக் கிழக்கே, டேவிஸ் நீரிணைக்கு அக்கரையில், கிரீன்லாந்தின் தலைநகரான நூக் இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் கணவரும் நானும் அங்கே சென்றுவர விரும்புகிறோம். என் வகுப்பில் உள்ள இனுயிட் பிள்ளைகளுக்கும் அந்த நகரின் மீது தனி ஈர்ப்பு உண்டு. கடலுக்கு அப்பால் வாழ்வோரும் தம் இனத்தவரே, அவர்கள் பேசும் மொழியும் தம் மொழிக்கு உறவானதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று அவர்கள் கேட்டதிலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

இணையத்தில் தேடினால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் கிடைக்கிறது. தொலைவு என்ற தலைப்பின் கீழ் ஓர் இடத்தில் 444 என்றும், வேறோர் இடத்தில் 511 என்றும், இன்னும் சில இடங்களில் 822 என்றும் 825 என்றும் போட்டிருக்கிறார்கள். நேரத்தைப் பொறுத்தவரை குழப்பம் இன்னும் அதிகம். ஒரு கணக்கிடும் பக்கம் 1 மணி 2 நிமிடம் என்கிறது. மற்றொன்று 1 மணி 45 நிமிடம் என்கிறது. பயணத் திட்டச் செயலி ஒன்றில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு என்று இட்டுப் பார்த்தால், நூக்கில் மாலை 4.45க்கு வருகை என்று காட்டுகிறது. அதே செயலியில் திரும்பும் பயணத்துக்கு நண்பகல் 12 மணி என்று இட்டால், இக்காலுயிட்டில் முற்பகல் 10.45க்கு வருகை என்று காட்டுகிறது. புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்வது எப்படி?

இவற்றில் எது சரி, பயணத்தைத் திட்டமிடும்போது எந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் இருவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டும் கனடாவின் நிரந்தர வதிவிட உரிமையும் உள்ளன.

நில அளவர்:

வணக்கம் அம்மா. தொலைவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நேரத்தைப் பற்றி விமானத் துறையில் இருந்தவர்கள் சொல்வதே முறை.

நீங்கள் கண்ட நான்கு எண்களும் ஒரே தொலைவைத்தான் குறிக்கின்றன. 444 என்பது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் இந்த அலகு 1.852 கிலோமீட்டருக்குச் சமம். 511 என்பது சாலைகளில் வழங்கும் சாதாரண மைல். 822, 825 ஆகிய இரண்டும் கிலோமீட்டர். அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் போடும் பக்கங்களால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. விமானப் பயணம் தொடர்பான பக்கங்களில் அலகு இல்லாத எண்ணைக் கண்டால், முதலில் அது கடல் மைலா என்று ஐயப்படுவது நல்லது.

822க்கும் 825க்கும் இடையிலான மூன்று கிலோமீட்டர் வேறுபாட்டுக்குக் காரணம் பூமியின் உருவம். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழுக் கோளமாகக் கொண்டு கணக்கிட்டால் 822 வரும். துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மையான வடிவத்தைக் கொண்டு கணக்கிட்டால் 825 வரும். நில அளவைக்கு இரண்டாவதே சரி. விமானப் பயணிக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை, ஏனெனில் தரையிறங்கும் திசைக்கு ஏற்ப விமானம் ஒருமுறை சுற்றி வந்தாலே அதைவிட அதிகத் தொலைவு பறந்துவிடும்.

இதை உங்கள் மாணவர்களே காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்பதால் வழியையும் சொல்கிறேன். இக்காலுயிட் விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 63.76 பாகை, மேற்கு 68.56 பாகையில் உள்ளது. நூக் விமான நிலையம் வடக்கு 64.19 பாகை, மேற்கு 51.68 பாகையில் உள்ளது. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் மட்டும் 16.88 பாகை வேறுபாடு. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். வடக்கே போகப் போக ரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், 64 பாகை அட்சரேகையில் அந்த அகலம் 49 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. 111.2ஐ 64 பாகையின் கொசைனால் பெருக்கினால் 48.8 வரும், அதை 16.88ஆல் பெருக்கினால் 824 வரும். கோள முக்கோணவியல் ஏதும் இல்லாமலே விடைக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டோம்.

இந்தச் சுருக்கத்தை மறைப்பதுதான் நாம் அன்றாடம் கைபேசியில் பார்க்கும் வரைபடம். அது மெர்கேட்டர் முறையில் வரையப்படுவதால், வடக்கே உள்ள நிலப்பரப்புகள் அங்கே இழுத்து நீட்டப்பட்டிருக்கின்றன. 64 பாகையில் அந்த நீட்சி ஏறத்தாழ 2.3 மடங்கு. அதே உருப்பெருக்கத்தில் வைத்து அளந்தால், இக்காலுயிட்டுக்கும் நூக்குக்கும் இடையிலான கோடு சென்னைக்கும் டெல்லிக்கும் இடையிலான கோட்டின் அளவுக்கே இருக்கும். உண்மையில் சென்னையிலிருந்து டெல்லி வான்வழியில் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். உங்கள் பயணமோ அதில் பாதிகூட இல்லை. வகுப்பில் உருண்டை ஒன்று இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அதன் நீளத்தை வரைபடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நூல் வரைபடத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகிச் சற்றே வடக்காக வளைந்து செல்வதையும் பிள்ளைகள் காண்பார்கள். நடுவழியில் அந்த விலகல் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஆனால் அதனால் மிச்சமாகும் தொலைவு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். நூல் காட்டும் இந்தக் குறுகிய பாதையை, பெருவட்டப் பாதை என்பார்கள்; அதன் பெரும் பயன் டொராண்டோ–டெல்லி போன்ற நெடுந்தொலைவுகளில்தான் தெரியும்.

வான்வழி:

வெண்பனி அவர்களுக்கு வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றவன். விமான நிறுவனம் ஒன்றின் இயக்கக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பறப்புத் திட்டங்கள் வரைவது என் வேலையாக இருந்தது. நில அளவர் ஐயா தொலைவைத் தெளிவாக்கிவிட்டார். நேரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1 மணி 2 நிமிடம் என்று காட்டும் பக்கம், 825 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்திருக்கிறது. அதற்கு மேல் எதையும் அது பார்க்கவில்லை. விமானம் நின்ற இடத்திலேயே வானில் முழு வேகத்தில் தோன்றி, சேருமிடத்துக்கு மேலே மறைந்துவிட்டால் அந்த எண் சரியாக இருக்கும். அதுவும் ஜெட் விமானமாக இருந்தால்தான்.

விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது பிளாக் டைம் எனப்படும் நேரம். நிறுத்துமிடத்தில் சக்கரத்தடைகளை எடுத்த கணத்திலிருந்து, சேருமிடத்தில் மீண்டும் தடை வைக்கும் கணம் வரையிலான மொத்த நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறும்போது வேகம் குறைவாக இருப்பது, இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்வது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். தொலைவு எவ்வளவாக இருந்தாலும் இவற்றுக்கான நேரம் பெரிதாக மாறாது. ஆகவே குறுகிய பயணங்களில்தான் வெறும் வகுத்தல் கணக்கு மிக மோசமாகத் தவறுகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேவுக்கும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு விமானச் சேவை இருக்கிறது; உலகின் மிகக் குறுகிய பயணிகள் சேவை அதுவே. மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற கணக்குப்படி அதற்கு 12 விநாடிகள் போதும். அட்டவணையிலோ 2 நிமிடம் என்று இருக்கிறது. காற்று வாய்த்த நாளில் சிறிய விமானம் 53 விநாடிகளில் கடந்ததே அங்கு சாதனை.

இப்போது உங்கள் வழித்தடத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் நெடுங்காலம் பறந்தவை டேஷ் 8 வகையைப் போன்ற டர்போபிராப் விமானங்கள், அதாவது சுழல்விசிறியால் இயங்குபவை. டேஷ் 8இன் 200 வரிசை விமானம் ஏறக்குறைய 37 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 500 முதல் 530 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 820 கிலோமீட்டருக்கு 500 என்று வைத்தால் 1 மணி 38 நிமிடம். அதனுடன் நான் மேலே சொன்ன நிலையான நேரத்தைச் சேர்த்தால் 1 மணி 45 நிமிடத்திலிருந்து 2 மணி வரை ஆகும். உங்களுக்குக் கிடைத்த 1 மணி 45 நிமிடம் என்பது டர்போபிராப்புக்கு உரிய நல்ல மதிப்பீடு. இதே தடத்தில் போயிங் 737 போன்ற ஜெட் பறந்தால், பிளாக் டைம் ஏறத்தாழ 1 மணி 25 நிமிடமாக இருக்கும். விமான வகையைப் பார்க்காமல் நேரத்தைச் சொல்லும் எந்தப் பக்கத்தையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது காற்று. இந்த அட்சரேகைகளில் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். உங்கள் பயணமோ ஏறக்குறைய நேர் கிழக்கு, திரும்புவது நேர் மேற்கு. எனவே காற்றின் முழு விசையும் பயண நேரத்தில் தெரியும். 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 80 கிலோமீட்டர் வேகப் பின்காற்று கிடைத்தால், வானில் இருக்கும் நேரம் 1 மணி 25 நிமிடம். அதே காற்று எதிரே வீசினால் 1 மணி 57 நிமிடம். அரைமணி நேரத்துக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு ஒரே நாளில், ஒரே விமானத்தில் நிகழக்கூடியது. ஜெட் விமானத்தின் வேகம் அதிகம் என்பதால் அதே காற்று அதை இவ்வளவு பாதிக்காது. டேவிஸ் நீரிணையின் மீது தாழ்வழுத்த மண்டலங்கள் அடிக்கடி கடந்து செல்வதால், சில நாள்களில் காற்று எதிர்த்திசையில் வீசுவதும் உண்டு.

பயணிகள் பொதுவாக எண்ணிப் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய தொலைதூர விமான நிலையங்களில் பறப்புத் திட்டம் வரைபவரின் கவலையெல்லாம் அதில்தான் இருக்கும். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்பதே அந்தக் கேள்வி. சென்னையில் மூடுபனி என்றால் பெங்களூரு இருக்கிறது, திருச்சி இருக்கிறது. நூக்கில் இறங்க முடியாவிட்டால், பெரிய ஓடுபாதையும் ஓரளவு நிலையான வானிலையும் கொண்ட இடம் வடக்கே சுமார் 315 கிலோமீட்டரில் உள்ள காங்கர்லுசுவாக். கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, நீண்ட ஃபியோர்டு (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நுழையும் ஒடுங்கிய கடற்பகுதி) ஒன்றின் தலைப்பகுதியில் இருப்பதால், கடல்மூட்டம் அதை எளிதில் எட்டுவதில்லை. 1941இல் அமெரிக்க விமானப்படைத் தளமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் பல்லாண்டுகள் கிரீன்லாந்தின் வான்வழி நுழைவாயிலாகவே விளங்கிய இடம் அது. மறுபுறம் இக்காலுயிட்டில் இறங்க முடியாவிட்டால், தெற்கே கியூபெக் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கூஜுவாக் ஏறத்தாழ 630 கிலோமீட்டர். அதாவது உங்கள் பயணத் தொலைவில் முக்கால் பங்கு. அங்கே போகும் அளவுக்கான எரிபொருளையும், அதற்கு மேல் விதிப்படியான கையிருப்பையும் சுமந்தே விமானம் புறப்படும். சிறிய விமானத்தில் அந்தக் கூடுதல் எடையை ஈடுகட்ட, சில நாள்களில் இருக்கைகளையோ சரக்கையோ குறைக்க நேரிடும். வானிலை அறிக்கை ஐயத்துக்கு இடமளித்தால், புறப்பாட்டையே தள்ளிப்போடுவார்கள். 1 மணி 45 நிமிடப் பயணத்துக்காக நீங்கள் விமான நிலையத்தில் அரை நாள் காத்திருக்க நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

ஓடுபாதைகளைப் பற்றியும் சில வரிகள். இக்காலுயிட்டின் ஓடுபாதை 2,600 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. 2006இல் ஏர்பஸ் ஏ380 விமானத்தைக் கடுங்குளிரில் சோதிக்க அங்கேதான் கொண்டு சென்றார்கள். நூக்கிலோ 1979 முதல் இருந்தது ஆயிரம் மீட்டருக்கும் குறைவான ஓடுபாதை. குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கவல்ல டர்போபிராப் விமானங்களைத் தவிர வேறெதுவும் அங்கே வர இயலவில்லை. 2024 நவம்பர் 28 அன்று 2,200 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை திறக்கப்பட்ட பிறகுதான் பெரிய ஜெட் விமானங்கள் கோபன்ஹேகனிலிருந்து நேராக நூக்கில் இறங்கத் தொடங்கின. பழைய கட்டுரைகளில் நூக் பயண நேரத்தைப் படிக்கும்போது இந்த நாளை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு முந்தைய கணக்குகள் பலவும் காங்கர்லுசுவாக்கில் விமானம் மாறுவதையும் சேர்த்தவை.

குறிஞ்சி:

புறப்படுவதற்கு முன்பே வந்து சேரும் புதிருக்கு நான் விடை சொல்கிறேன், ஏனெனில் மேலே இருவரும் அதைத் தொடவில்லை.

விமானப் பயணத்தில் புறப்பாடு, வருகை ஆகிய இரண்டும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரத்திலேயே குறிக்கப்படும். இக்காலுயிட் கோடையில் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி பின்தங்கியிருக்கிறது. நூக் கோடையில் 1 மணி மட்டுமே பின்தங்கியிருக்கிறது. எனவே இரண்டுக்கும் இடையே 3 மணி வேறுபாடு. நண்பகல் 12க்குப் புறப்பட்டு 1 மணி 45 நிமிடம் பறந்தால் இக்காலுயிட் கடிகாரத்தில் 1.45, அப்போது நூக்கில் 4.45. திரும்பும்போது நூக்கில் நண்பகல் 12 என்றால் இக்காலுயிட்டில் காலை 9 மணிதான். அதனுடன் 1 மணி 45 நிமிடத்தைக் கூட்டினால் 10.45. உங்கள் செயலி பிழை செய்யவில்லை. ஆனால் வான்வழி ஐயா சொன்ன எதிர்க்காற்றை அது கருதாமல், இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. கிரீன்லாந்தின் பெரும்பகுதி 2023இல் தன் நிலையான நேரத்தையே ஒரு மணி முன்னே நகர்த்திக்கொண்டது. அதற்கு முன் நூக்குக்கும் இக்காலுயிட்டுக்கும் இடையே 2 மணி வேறுபாடுதான் இருந்தது. எனவே பழைய வழிகாட்டி நூல்களிலும் புதுப்பிக்கப்படாத செயலிகளிலும் வருகை நேரம் ஒரு மணி மாறிக் காட்டக்கூடும். மேலும் கனடாவும் கிரீன்லாந்தும் கோடை நேரத்துக்கு மாறும் நாள்கள் ஒன்றல்ல. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடுகிறது. கிரீன்லாந்து ஐரோப்பாவோடு சேர்ந்து மார்ச் இறுதி வாரத்தில்தான் மாறுகிறது. இலையுதிர் காலத்தில் கிரீன்லாந்து அக்டோபர் இறுதியிலும், கனடா நவம்பர் முதல் ஞாயிறன்றும் பழைய நேரத்துக்குத் திரும்புகின்றன. இந்த இடைப்பட்ட வாரங்களில் வேறுபாடு 2 மணியாகக் குறையும். நீங்கள் கோடையில் செல்வதால் 3 மணி என்றே கொள்ளலாம்.

வெண்பனி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உருண்டையில் நூல் இழுத்துப் பார்க்கும் பயிற்சியை இந்த வாரமே வகுப்பில் செய்யப்போகிறேன். சென்னை–டெல்லி ஒப்பீட்டைக் கைபேசி வரைபடத்தில் அளந்து பார்த்தேன். இரண்டு கோடுகளும் உண்மையிலேயே ஒரே நீளத்தில் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. நேரடி விமானம் எல்லா நாள்களிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அது கிடைக்காவிட்டால் எந்த வழியாகச் செல்வது, அப்போது தொலைவு எவ்வளவு ஆகும்? விடுப்புக்கு விண்ணப்பிக்க எத்தனை நாள் என்று குறிப்பிடுவது?

ஸ்காபரோ வாசி:

வணக்கம் சகோதரி. நான் ரொறன்ரோவில் வசிப்பவன்; பயண முகவர் நிறுவனம் ஒன்றில் வடபகுதிப் பயணங்களுக்கான சீட்டுகளைப் பதிவு செய்து கொடுக்கும் பணியில் இருக்கிறேன். நீங்கள் இப்போது கேட்டதே இந்தப் பயணத்தின் முதன்மையான கேள்வி என்பது என் கருத்து, ஏனெனில் 820 கிலோமீட்டர் என்பது நேரடி விமானம் பறக்கும் நாளில் மட்டுமே உங்களுக்குப் பயன்படும் எண்.

இந்த நேரடிச் சேவை தொடர்ச்சியாக இருந்ததில்லை. ஏர் கிரீன்லாந்து நிறுவனம் 2012 கோடையில் நூக்–இக்காலுயிட் சேவையைத் தொடங்கியது. சில கோடைகளுக்குப் பின் அது நின்றுபோனது. பிறகு 2024 கோடையில் கனேடியன் நார்த் நிறுவனத்துடன் சேர்ந்த ஏற்பாட்டில் மீண்டும் பறந்தது. இது கோடைக்காலத்துக்கு உரிய சேவை. எனவே ஓராண்டில் பறந்தது என்பதை வைத்து அடுத்த ஆண்டும் பறக்கும் என்று கொள்ளாமல், அந்த ஆண்டின் கோடை அட்டவணை வெளிவந்ததும் இரண்டு நிறுவனங்களின் பக்கங்களிலும் நேரடியாகப் பாருங்கள். இக்காலுயிட்டின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி 7,429. நூக்கில் ஏறத்தாழ 20,000 பேர். இவ்வளவு சிறிய இரண்டு ஊர்களுக்கிடையே, எல்லை கடந்து செல்லும் ஒரு விமானத்தை ஆண்டு முழுவதும் நிரப்புவது கடினம். இரு கரையிலும் உறவுகளைக் கொண்ட மக்களுக்கு இது உண்மையான இழப்பு என்றே நான் கருதுகிறேன். இதை வணிகக் கணக்குக்கு மட்டும் விட்டுவிடாமல், இரு அரசுகளும் பொதுச் சேவையாகக் கருதி ஆதரிக்க வேண்டும்.

நேரடி விமானம் இல்லையென்றால் வழி இப்படி அமையும். இக்காலுயிட்டிலிருந்து சாலையாக வெளியே செல்ல இயலாது என்பதை நீங்களே அறிவீர்கள். எனவே முதலில் தெற்கே ஒட்டாவாவுக்கு வர வேண்டும். அது ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர், 3 மணி நேரம். அங்கிருந்து ரொறன்ரோ 360 கிலோமீட்டர். ரொறன்ரோவிலிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர். அங்கிருந்து மீண்டும் மேற்கே திரும்பி நூக்குக்கு 1,400 கிலோமீட்டர். மொத்தம் 8,000 கிலோமீட்டருக்கும் சற்று மேல். வானில் கழியும் நேரம் மட்டுமே பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகும். இணைப்பு விமானங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால், வழியில் ஓர் இரவாவது தங்க நேரும். 820 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பக்கத்து ஊருக்குப் போக அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு சுற்ற வேண்டியிருக்கிறது.

இதைவிடக் குறுகிய இன்னொரு வழியும் 2025 ஜூனில் திறந்தது. யுனைடெட் நிறுவனம் நியூ யோர்க் நகருக்கு அருகில் உள்ள நியூவர்க்கிலிருந்து நூக்குக்குக் கோடைக்கால நேரடிச் சேவையைத் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை, ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம், தொலைவு சுமார் 2,990 கிலோமீட்டர். இக்காலுயிட், ஒட்டாவா, நியூவர்க், நூக் என்று கூட்டினால் 5,600 கிலோமீட்டரை ஒட்டி வரும். பருவகாலச் சேவை என்பதால் இதையும் அந்தந்த ஆண்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இந்த வழியில் செல்ல அமெரிக்க விசா தேவை.

விசாவைப் பற்றி இன்னும் ஒன்று. கிரீன்லாந்து டென்மார்க் முடியரசின் பகுதிதான் என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் அடங்காது. வழக்கமான ஷெங்கன் விசாவைக் காட்டினால் போதும் என்று எண்ணிப் பலர் விண்ணப்பித்துவிடுகிறார்கள். கிரீன்லாந்துக்கும் செல்லுபடியாகும் என்ற குறிப்பு விசாவில் தனியே இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே டென்மார்க் தூதரகத்திடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கெஃப்லாவிக் வழியாகச் செல்வதானால் ஐஸ்லாந்துக்குள் நுழையும் அனுமதியும் சேர்த்துப் பார்க்கப்படும். கனடாவுக்குத் திரும்பும்போது காட்டுவதற்கு, நிரந்தர வதிவிட அட்டை காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வடபகுதியில் இருப்பவர்களுக்கு அட்டை புதுப்பித்துக் கையில் வந்துசேர நாளாகும்.

விடுப்பைப் பொறுத்தவரை, நேரடி விமானம் கிடைத்தால் போகும் நாளையும் திரும்பும் நாளையும் முழு நாள்களாக எண்ணி, திரும்புவதற்கு மேலும் இரண்டு நாள்களை வானிலைக்காக ஒதுக்குங்கள். சேவை வாரத்தில் சில நாள்களே இருக்கும் என்பதால், ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது நாளையே வரும் என்ற உறுதி கிடையாது. பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தைய விமானத்தில் திரும்புவதாக ஒருபோதும் பதிவு செய்ய வேண்டாம். சுற்றுவழி என்றால் ஒவ்வொரு திசைக்கும் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டங்களையும் ஒரே பதிவு எண்ணில் வாங்க முயலுங்கள். தனித்தனிச் சீட்டாக வாங்கினால், இக்காலுயிட்டில் மூடுபனியால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்த நிறுவனத்துக்கு உங்கள்மீது எந்தப் பொறுப்பும் இராது. புதிய சீட்டை உங்கள் செலவிலேயே வாங்க நேரும்.

வெண்பனி:

மிக்க நன்றி, அண்ணா. கிரீன்லாந்துக்கான தனிக் குறிப்பைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. விசா விண்ணப்பத்தை நிரப்பும் நிலையில்தான் இருந்தோம். கோடை அட்டவணை வெளிவரும்வரை காத்திருந்து, நேரடி விமானம் இருந்தால் அதற்கேற்பப் பத்து நாள் விடுப்புக் கேட்கிறோம். இல்லையென்றால் சுற்றுவழியில் செல்லாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்று கணவர் சொல்கிறார். அட்டவணை வந்ததும் விமான வகையையும் இரு திசைகளுக்குமான பிளாக் டைமையும் இங்கேயே பதிவிடுகிறேன். பின்னால் இதே கேள்வியோடு வருவோருக்கு அது உதவும்.

வான்வழி:

அவசியம் பதிவிடுங்கள் அம்மா. இரண்டு திசைகளுக்கும் அட்டவணையில் நேரம் வேறுபட்டிருந்தால் அந்த வேறுபாட்டையும் எழுதுங்கள். அந்தப் பருவத்தில் எவ்வளவு எதிர்க்காற்றை நிறுவனம் எதிர்பார்க்கிறது என்பதை அதிலிருந்தே உங்கள் மாணவர்கள் கணக்கிட்டுவிடலாம்.